மறதி ஞானமாகுமா? சுவாங்சுவின் ‘அமர்ந்து மறத்தல்’ பற்றி ஒரு கேள்வி

ஆயர் ஈத்தாம்வாசி எழுதியது:

வணக்கம். பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என்னோடு வசிக்கும் அம்மாவுக்கு 78 வயது. மூன்று ஆண்டுகளாக அவருடைய நினைவு தேய்ந்து வருகிறது. நிலத் தகராறு ஒன்றினால் 18 ஆண்டுகள் சித்தியோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர், சென்ற தீபாவளியன்று சித்தி வாசலில் தயங்கி நின்றபோது, “வாடி, ஏன் இவ்வளவு நாளாக் காணோம்?” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, முறுக்குத் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார். தகராறு அவருக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், “உன் அம்மா கொடுத்து வைத்தவர். மறப்பதற்காகவே தவம் இருந்தவர்களை எங்கள் சுவாங்சு எழுதியிருக்கிறார்” என்றார். சுவாங்சு பண்டைச் சீனத்துத் தாவோ நெறி ஞானி. இறைவனை மறவாதிருப்பதையே நாம் பக்தி என்கிறோம். தாவோ நெறியோ மறப்பதை விழிப்பின் வாசலாகக் காட்டுகிறது. இவை ஒன்றுக்கொன்று எதிரானவையா? அம்மாவுக்கு நேர்வதை அந்த மறத்தலோடு சேர்த்துப் பேசுவது முறைதானா?

செந்தூல் வாசகர் எழுதியது:

பெரியவர் அன்பினால் சொல்லியிருக்கிறார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. அவர் குறிப்பிட்ட பகுதி சுவாங்சு நூலின் 6ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அறத்தையும் சடங்கையும் போற்றிய சீன அறிஞர் கன்பூசியசையும் அவருடைய அருமை மாணவர் யென் ஹுய்யையும் கதைமாந்தராக்கிக்கொண்டு (இந்தக் குறும்பு சுவாங்சுவுக்கு மிகவும் பிடித்தமானது) நூல் பேசுகிறது. யென் ஹுய் ஒரு நாள் வந்து, அன்பையும் அறத்தையும் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். நல்லது, இன்னும் போதாது என்கிறார் ஆசிரியர். மறுமுறை சடங்கையும் இசையையும் மறந்ததாகச் சொல்கிறார்; அப்போதும் அதே பதில். மூன்றாம் முறை, “அமர்ந்தேன், மறந்தேன்” என்கிறார். உடல் உதிர்ந்து, செவியும் கண்ணும் அடங்கி, அறிந்தவை எல்லாம் கழன்று, அனைத்தும் ஊடாடும் பெருவழியோடு ஒன்றாகிவிட்ட நிலை அது என்று விளக்கியதும், கன்பூசியசே தம்மை மாணவராக ஏற்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்கிறார். சீனத்தில் இதனைச் ‘சுவோ வாங்’ என்பர்.

இங்கே மறப்பவர் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்தவர். ஒவ்வொன்றாக, தாமாகவே இறக்கி வைக்கிறார். தாங் அரசமரபுக் காலத்துத் தாவோ குரு சீமா செங்சென் (647–735) இதற்கென்றே ஒரு நூல் எழுதி, நம்பிக்கையில் தொடங்கி, பற்றறுத்தல், மனத்தை ஒடுக்குதல் என ஏழு படிகளாக வகுத்தார். உங்கள் அம்மா இறக்கி வைக்கவில்லை, அவரிடமிருந்து பறிபோகிறது. மருத்துவரிடம் காட்டுவதை இந்த ஒப்பீட்டை நம்பித் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் மாணவி எழுதியது:

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதப் பசித்த ஆவிகள் திருவிழாவின்போது மெங் போ என்னும் கிழவியைப் பற்றி என் சீனத் தோழி சொன்னாள். மறுபிறவிக்குப் போகும் உயிர்கள் அவள் தரும் சூப்பைக் குடித்து முற்பிறவியை மறந்துவிடுமாம். தாவோ சொல்லும் மறத்தல் இதுதானா?

செந்தூல் வாசகர் எழுதியது:

இல்லை, தங்கையே. அது மக்கள் வழக்கிலுள்ள நம்பிக்கை, போக்கும் நேர்மாறானது. அந்தச் சூப் மீண்டும் பிறப்பதற்காகக் குடிப்பது; யென் ஹுய்யின் மறத்தலோ பெருவழியோடு ஒன்றாவதற்கு.

தண்ணீர்மலை அடியார் எழுதியது:

நண்பர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். நோயையும் மறத்தலையும் பிரிக்கும் கோடு அவர் காட்டும் அளவுக்கு அழுத்தமானதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஏனெனில் இன்னொரு தாவோ நூலான லியேசுவின் 3ஆம் அத்தியாயத்தில், பண்டைச் சீனத்தின் சோங் நாட்டைச் சேர்ந்த ஹுவாசி என்பவருக்கு நடுவயதில் இதே நோய் வருகிறது. காலையில் வாங்கியது மாலையில் நினைவில்லை; தெருவில் நடக்க மறக்கிறார், அறையில் உட்கார மறக்கிறார். குறிசொல்பவரும் மருத்துவரும் கைவிட்ட பின், குடும்பத்தார் சொத்தில் பாதியைக் கொடுக்க, அறிஞர் ஒருவர் ஏழே நாளில் குணப்படுத்துகிறார். நினைவு வந்ததும் ஹுவாசி செய்த முதல் வேலை, மனைவியைத் துரத்திவிட்டு, மகன்களைத் தண்டித்து, ஈட்டியோடு அறிஞரை விரட்டியதுதான். மறந்திருந்தபோது வானும் மண்ணும் உண்டா இல்லையா என்றே தெரியாத விரிவில் இருந்ததாகவும், இப்போது பல்லாண்டு இலாபநட்டமும் விருப்புவெறுப்பும் முள்ளாய்த் திரும்பி வந்துவிட்டதாகவும் அவர் புலம்புகிறார். கதையைக் கேட்ட கன்பூசியஸ், இதைக் குறித்துக்கொள் என்று யென் ஹுய்யிடமே சொல்கிறார். மறதியைப் பற்றிக் குறிப்பெடுக்கச் சொன்னது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

நம் மரபுக்கு வருவோம். “நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்” என்று சூலை நோயின் நடுவே பாடிய அதே அப்பர்தான், திருவாரூர்ப் பதிகத்தில் தலைவியை முன்னிறுத்தி, “தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள்” என்றும் பாடினார். முதல் வரியில் மறவாதது அவனை. இரண்டாவதில் மறந்தது தன்னை. யென் ஹுய் கடைசியாக இழந்ததும் அந்தத் ‘தன்’னைத்தான். ஆகவே எதிர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யென் ஹுய்க்குப் பெருவழி உண்டு, பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இல்லை. அந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது.

ஆயர் ஈத்தாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் மாதந்தோறும் தவறாமல் காட்டுகிறோம். ஹுவாசியின் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். தமக்குத் தெரியும் என்றும், ஈட்டி வரும் இடத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதாகவும் கூறினார். சித்தி வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார். நிலப் பத்திரங்களும் அம்மாவின் பழைய கடிதங்களும் இருக்கும் தகரப் பெட்டி இத்தனை நாள் கூடத்து அலமாரியின் மேல்தான் இருந்தது. நேற்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.