இரண்டு கிளைகளும் பச்சை, இணைத்தபின் சிவப்பு

பினாங்கிலிருந்து ஓர் உறுப்பினர்:

மலேசியாவில் சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தபோது, உணவு, பானம், தொலைத்தொடர்பு போன்ற சில சேவைகள் மட்டும் பழைய 6 விழுக்காட்டிலேயே விடப்பட்டன. பாயான் லெப்பாஸில் நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிவந்த பில் போடும் மென்பொருளில் அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம்தான். அதைப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. சேவையின் வகையைக் குறிப்பிடாவிட்டால் 8 என்றும், உணவு என்று குறிப்பிட்டால் 6 என்றும் கணக்கிடுமாறு மாற்றி, அன்றிருந்த உணவகத் திரைகள் அனைத்திலும் வகையைச் சேர்த்தேன். நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சோதனைகள் யாவும் தேறி, பச்சை காட்டின.

அதே வாரம் நண்பர் ஒருவர் பொட்டலம் கட்டித் தரும் ஆர்டர்களுக்கு, அதாவது நம் ஊர் ‘தாப்பாவ்’வுக்கு, புதிய திரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கிளை, அதாவது நிரலிலிருந்து பிரித்து அவர் தனியே வேலை செய்த நகல், என் மாற்றத்துக்கு முன்பே பிரிந்தது என்பதால், அவர் பழைய முறைப்படி வகையைக் குறிப்பிடாமலே வரியைக் கணக்கிட்டிருந்தார். அவருடைய சோதனைகளும் தேறின. இருவரும் ஒரே கோப்பைத் தொடாததால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் ‘கிட்’ என்னும் கருவி எந்த முரணையும் காட்டவில்லை. ஒரே மாலையில் இரண்டையும், எல்லாருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில் இணைத்தோம். 20 வெள்ளி (ரிங்கிட்) ஆர்டருக்கு 1 வெள்ளி 20 காசாக இருக்க வேண்டிய வரி, 1 வெள்ளி 60 காசாயிற்று.

மறுநாள் காலை முதன்மைக் கிளையிலிருந்து புதிய கிளை பிரித்த மூன்றாமவர், நிரலில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே சோதனைகள் விழுந்து சிவப்பு காட்டுவதைக் கண்டு, தம் கணினியில்தான் கோளாறு என்று இரண்டு மணி நேரம் தேடினார், பாவம். கடைசியில், பழுது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடித் தரும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளை, அந்த இணைப்புக் கமிட்டையே (இணைப்பைக் கிட்டில் பதிந்த பதிவையே) காட்டியது; அதன் இரு தாய்க் கமிட்டுகளிலும் குற்றமில்லை.

தவறின் பெரும்பங்கு என்னுடையது. வகையைக் கட்டாயமாக்கியிருந்தால், அந்த இணைப்பை, நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலரே மறுத்திருக்கும். இப்போது முதன்மைக் கிளையின் அன்றைய நிலையைத் தன் கிளைக்குள் கொண்டுவந்து, சோதனைகளை முழுமையாக மறுபடி ஓட்டாமல் எவரும் இணைப்பதில்லை. இடையில் வேறொருவர் இணைத்துவிட்டால் மீண்டும் பன்னிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலைகளில் முணுமுணுப்பு கேட்கும். ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் திட்டத்தில் இதே காவலைப் ‘பார்ஸ்’ என்னும் தானியங்கி செய்துவந்தது: இணைத்தால் வரும் நிரலைத் தனியே சோதித்து, தேறினால்தான் முதன்மைக் கிளையை நகர்த்தும்.

கோலாலம்பூரிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

எங்கள் கதை இதைவிடச் சிறியது, ஆனால் வெட்கக்கேடானது. அதிகாலையில் அனுப்பும் மாற்றங்கள் மட்டும் சோதனையில் விழும், ஒன்பது மணிக்கு மறுபடி ஓட்டினால் தேறிவிடும். அதனால் காரணம் தேடாமல் பல மாதங்கள் இணைத்துவந்தோம். சோதனை இயந்திரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நாம் எட்டு மணி நேரம் முன்னே இருப்பதால், இங்கு காலை எட்டு ஆகும்வரை அதற்கு முந்தைய நாள்தான். வாடிக்கையாளரின் சர்வரும் அதே நேரத்தில்தான் ஓடியது. ஆறு மணிக்கே திறக்கும் ரொட்டி சானாய்க் கடைக்காரர் ஒருவர், மாதத்தின் முதல் நாள் காலை வியாபாரம் முந்தைய மாதக் கணக்கில் விழுவதைத் தாளோடு வந்து காட்டிய பிறகே விழித்தோம். இப்போது கடிகாரத்தை 7:59-இலும் 8:00-இலும் நிறுத்திவைத்து ஓடும் இரண்டு சோதனைகள் இருக்கின்றன.