வளர்பிறை எந்தப் பக்கம்?

அந்தக் காலத்தில் தொலைபேசி லைன் வழியாக இணையத்தோடு இணைத்த மோடம் போடும் கிறீச்சொலியைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது, அதற்குப் பிறகு வரும் அமைதி. இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுத் தொலைபேசிக்கு யார் கூப்பிட்டாலும் இனி எங்கேஜ்டு டோன்தான். அக்கா பின்னால் வந்து நின்று "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்பாள். இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்துவிட்டால் அன்றைக்கு இணையம் முடிந்தது.

பெயருக்குத்தான் 56கே மோடம். அந்த வேகம் எங்கள் லைனில் ஒருநாளும் வந்ததில்லை. 4 எம்பி பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் போனால் மறுபடி முதலிலிருந்து.

1998 விடுமுறையில், யாரும் இலவசமாக இணையப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸில் நிலாவின் பிறைகளைப் பற்றி ஒரு பக்கம் போட்டேன். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் சொல்லித்தர ஆள் கிடையாது. பிடித்த பக்கத்தின் சோர்ஸைத் திறந்து, நோட்பேடில் ஒட்டி, ஒவ்வொரு வரியாக அழித்துப் பார்ப்பேன். எதை எடுத்தால் எது உடைகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எட்டுப் பிறைகளையும் பெயிண்ட்டில் நானே வரைந்தேன்.

சில வாரம் கழித்து, பக்கத்தைப் பார்க்க வருபவர்கள் குறிப்பு எழுதும் கெஸ்ட்புக்கில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். தென்கோளத்தில் வசிப்பவர். "நல்ல பக்கம். ஆனால் இங்கே வளர்பிறை வலப்பக்கம் அல்ல, இடப்பக்கம் ஒளிரும்." நான் ஆடிப்போனேன். ஒரே நிலா, பார்க்கிற இடத்தைப் பொறுத்துத் திரும்பி நிற்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இரவோடு இரவாக எட்டுப் படங்களையும் தெற்கிலிருந்து தெரிகிற மாதிரி இன்னொரு வரிசையாக வரைந்து சேர்த்தேன்.

இணையம் என்றால் எனக்கு அந்த வரிதான். என்னைத் திருத்துவதற்காக ஒருவர் நேரம் ஒதுக்கி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இப்போது கைப்பேசியில் நிலாப் படம் போட்டால் நூறு லைக் வருகிறது. மகிழ்ச்சிதான், ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. எழுந்து போவதும் கடினமாகிவிட்டது. பக்கம் முடியாமல் உருண்டுகொண்டே இருக்கும் முறையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். நான் அதில் இழந்த இரவுகள் நிறைய. படுக்கையில் படுத்தபடி விரலால் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது என் பக்கத்தை நானே மறந்திருந்தேன். வெகுநாள் கழித்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைத் தட்டினேன். பக்கம் வந்தது! நீலப் பின்னணி, நான் எழுதிய பிழைகள், எல்லாம் அப்படியே. வடக்கு வரிசைப் படங்கள் இருந்தன. தெற்கு வரிசை சேமிக்கப்படவில்லை. எட்டு வெற்றுக் கட்டங்கள். முதல் கட்டத்துக்குள், படம் வராவிட்டால் தெரிய வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த சொற்கள் மட்டும்: 'வளர்பிறை, அங்கிருந்து பார்க்கும்போது'.