பாலக்காட்டுப் புதுநகரம் சொந்தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை

இர்ஃபான் (துபாய்): அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஆடியோவை எல்லோரும் கேளுங்கள். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் அவசியம் கேட்க வேண்டியது.

ஷகிலா அக்கா: வ அலைக்கும் ஸலாம். கேட்டேன். இந்தக் கட்சிக்குப் போடாதவன் தீனை, மார்க்கத்தையே விட்டுப் போய்விட்டான் என்கிறாரே, யார் இவர்?

இர்ஃபான்: தெரியாது அக்கா, ஃபார்வர்டாக வந்தது. நன்றாகத்தானே பேசுகிறார்.

ஜமால் பெரியத்தா: இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால், செருப்புப் போடும் இடத்திலேயே இரண்டு பையன்கள் இதைத்தான் சத்தமாக ஓட்டிக்கொண்டு நின்றார்கள். நம் கறிக்கடைக்காரர் போன தேர்தலில் அரிவாள் சுத்தியலுக்கு வேலை செய்தவர், தெரியும்தானே. அவர் ஸலாம் சொன்னார். ஒரு பையன் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக் குனிந்துகொண்டான். எப்போதும் முன் வரிசையில் நின்று தொழுகிற மனிதர். முகம் செத்துப்போய்விட்டது அவருக்கு.

ரஹ்மத் மாமி: யா அல்லாஹ். ஓட்டுக்காக ஸலாமுக்குப் பதில் இல்லையா? இர்ஃபான், இதைப் படித்துவிட்டு எனக்குப் பதில் சொல்.

இர்ஃபான்: அந்தப் பையன் செய்தது தப்புதான் மாமி. ஆனால் இஸ்லாத்தில் தீன் தனி, ஆட்சி தனி என்று இல்லையே. நபி ரசூலுல்லாஹ் மதீனாவில் ஆட்சியும் நடத்தினார்கள். மற்றவர்கள் கோவிலைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறார்கள், சர்ச்சில் ஆயர் கடிதம் வாசிக்கிறார்கள். நாம் மட்டும் வாயை மூட வேண்டுமா?

ஷகிலா அக்கா: கோவிலைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) எல்லா மதத்துக்கும் பொது. 2017இல் சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் விரித்துத் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தேர்தல் செல்லாது.

ரஹ்மத் மாமி: வாயை மூடச் சொல்லவில்லை கண்ணு. முஸ்லிம் என்பதால் ஒரு அநியாயம் நடந்தால் முஸ்லிமாகவே நின்று கேட்க வேண்டும். காயிதே மில்லத் அதைத்தான் செய்தார். பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம் லீக் கட்சியைக் கலையுங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கினார்கள். அவர் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூட்டம் போட்டு, இந்தியாவுக்கான முஸ்லிம் லீக்கை நிறுத்தினார். திருநெல்வேலிப் பேட்டைக்காரர். நம் கேரளத்து மஞ்சேரியில் 1962, 1967, 1971 என்று மூன்று தடவை மலையாளிகள் ஜெயிக்க வைத்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழி ஆக்கக் கேட்டுப் பேசியவரும் அவர்தான். 1967இல் அந்தக் கட்சி கேரளத்தில் மார்க்சிஸ்ட் இ.எம்.எஸ். மந்திரிசபையிலேயே உட்கார்ந்தது. 1969இல் அது கேட்ட மலப்புறம் மாவட்டம் வந்தது. கேட்பதும் பேரம் பேசுவதும் அரசியல். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை மாற்றிப் போடலாம்.

1941இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌதூதி வைத்த வாதம் வேறு. ஆட்சியுரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே, அவன் சட்டத்தை நடைமுறைப்படுத்தத்தான் அரசு என்றார். அல்லாஹ்வே அதிபதி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அவன் பெயரால் நாற்காலியில் உட்காருகிறவன் மனிதன். அவன் ரேஷனில் தப்புச் செய்தால் நான் கேள்வி கேட்க முடியுமா, கேட்டால் தீனை எதிர்த்தேன் என்பானா? ஈரானில் 1979க்குப் பிறகு மார்க்க அறிஞரே உச்சத் தலைவர். யார் தேர்தலில் நிற்கலாம் என்பதையும் ஒரு சபை வடிகட்டித்தான் விடுகிறது.

இர்ஃபான்: லீக்கிலும் மார்க்கப் பெரியவர்களான பாணக்காட்டுத் தங்ஙள் குடும்பத்தார்தானே தலைவர்? அது மார்க்கம் இல்லையா?

ரஹ்மத் மாமி: இருக்கிறது. அந்த மரியாதை ஓட்டாக மாறுகிறது, எனக்கும் அது பிடிக்காது. ஆனால் 2004இல் அதே மஞ்சேரியில் லீக் மார்க்சிஸ்டிடம் தோற்றது. 2006இல் குற்றிப்புறத்தில் லீக்கின் பெரிய தலைவர் குஞ்ஞாலிக்குட்டியே தோற்றார். மாற்றிப் போட்டவர்கள் மறுநாள் அதே பள்ளியில்தான் தொழுதார்கள். உன் ஆடியோக்காரர் சொல்வதை வைத்தால் அத்தனை பேரும் காஃபிரா?

ஜமால் பெரியத்தா: மாஷா அல்லாஹ், இதற்குப் பதில் சொல் இர்ஃபான்.

இர்ஃபான்: பெரியத்தா, எனக்கு ஒரு வேதனை இருக்கிறது. எகிப்தில் 2012இல் ஓட்டு வாங்கித்தான் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முர்சி அதிபராக வந்தார். அடுத்த வருஷமே ராணுவம் இறக்கியது. துனீசியாவில் அன்னஹ்தா கட்சி 2016இல் மார்க்கப் பிரச்சாரம் தனி, கட்சி தனி என்று பிரித்தே காட்டியது. அப்படியும் 2023இல் அதன் தலைவர் கன்னூஷியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நாம் எப்படி நடந்தாலும் விடுவதில்லையே.

ரஹ்மத் மாமி: அது அநியாயம்தான், நானும் அழுதிருக்கிறேன். முர்சியை ராணுவம் இறக்கியது ஏன் தப்பு? மக்கள் போட்ட ஓட்டை மிதித்ததால் தப்பு. அப்படியானால் கறிக்கடைக்காரரின் ஓட்டையும் மிதிக்கக் கூடாது. இந்தோனேசியாவில் நஹ்தத்துல் உலமா எவ்வளவு பெரிய ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள் அமைப்பு! 1984இல் கட்சி அரசியலை விட்டு, கல்வியும் மார்க்க வேலையும் போதும் என்று திரும்பியது. அதனால் அவர்கள் சிறுத்துப்போகவில்லை.

ஷகிலா அக்கா: நம்மிலும் பெரிய ஆலிம்கள் பாகிஸ்தான் வேண்டாம் என்றார்கள் மாமி. தேவ்பந்த் மதரஸாவின் மதனீ ஸாஹிப் எதிர்த்தார், அவ்வளவு மார்க்கப் பிடிப்பில்லாத ஜின்னா கேட்டார். மதம் ஒன்று என்று சேர்த்த நாடு 1971இல் பிரிந்தும் போனது.

இர்ஃபான்: மாமி, எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தீனுக்கு ஆட்சியிலும் இடம் உண்டு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் இந்த ஆடியோ தப்பு. இங்கே எடுத்துவிட்டேன், ரூம் பையன்கள் குழுவிலும் எடுக்கிறேன்.

ரஹ்மத் மாமி: அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும். நினைப்பது உன் உரிமை, நேரில் வரும்போது இன்னும் சண்டை போடலாம்.

ஜமால் பெரியத்தா: அப்புறம், ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று கட்சி வேட்பாளர்களும் கடைவீதிக்கு வருகிறார்கள். என்ன கேட்கலாம்?

ஷகிலா அக்கா: ஆழியாறு தண்ணீர். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நமக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். நெல் காயும்போது வராமல் பிறகு வந்து என்ன பயன்? மாதக் கணக்கை யார் சட்டசபையில் கேட்பார் என்று மூவரையும் கேளுங்கள்.

ஜமால் பெரியத்தா: சரி. எழுதி அனுப்பு ஷகிலா, மலையாளத்திலும் ஒன்று.