"பதில் சொல்லல" பட்டை: சார்ட்ல வைக்கணுமா, தூக்கணுமா?

கறார்_காளி: பக்கத்து இழையில டேபிள் மணி அருள்வாக்கு குடுத்திருக்காரு. பாலியல், உறவு பத்தின ஆய்வறிக்கை சாதாரண ஜனத்துக்கும் புரியணும்னா சார்ட்ல "பதில் சொல்லல"ங்கற பட்டையைத் தூக்கிடணுமாம், குழப்புதாம். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 சென்சஸ்ல 16 வயசு நிரம்பினவங்ககிட்ட முதல் தடவையா பாலியல் நாட்டம் பத்திக் கேட்டாங்க, விருப்பப்பட்டா சொல்லலாம்னு. எதிர்பால் ஈர்ப்பு 89.4%, தன்பாலீர்ப்பு இருபாலீர்ப்பு மத்தது எல்லாம் சேத்து 3.2%. வாயே தொறக்காதவங்க 7.5%. ரெண்டு மடங்குக்கும் மேல! அதையா தூக்கச் சொல்றீங்க?

டேபிள் மணி: தம்பி, அடிக்குறிப்புல போடுன்னுதான் சொன்னேன். பட்டையா நிறுத்தினா அந்த 7.5 பேரும் எதையோ மறைக்கிறாங்கன்னு படிக்கிறவன் முடிவு கட்டிடுவான். சர்வே வேலையில தலை நரைச்சவன் சொல்றேன்.

கறார்_காளி: நரை இருக்கட்டும். தூக்கிட்டு மீதிய வச்சு சதவீதம் போட்டா 89.4ங்கறது 96க்கு மேல போயிடுது, அது மட்டும் தப்பான அர்த்தம் இல்லையா? ஸ்க்ரீன் ரீடர்ல (பார்வை இல்லாதவங்களுக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற மென்பொருள்) கேக்கறவங்க உங்க அடிக்குறிப்பத் தேடி கடைசிப் பக்கம் வரைக்கும் போகணுமா?

நித்யா_சேலம்: கலரையும் கொஞ்சம் பாருங்களேன். இந்த மாதிரி ரிப்போர்ட்னாலே வானவில் கலர் ஆறையும் அடிச்சு, எது எதுன்னு ஓரத்துல ஒரு கட்டத்துல எழுதிடறாங்க. எங்கண்ணனுக்கு சிவப்பு பச்சை ஒண்ணுதான், ஜெராக்ஸ் எடுத்தா நமக்கும் ஒண்ணுதான். பட்டை மேலயே பேரையும் நம்பரையும் எழுதினா வேலை முடிஞ்சுது. ஒரு ரிப்போர்ட்ல "பதில் சொல்லல"வ வெளிர் சாம்பல்ல போட்டு வெள்ளைப் பேப்பர்ல தெரியவே இல்ல.

கறார்_காளி: பாத்தீங்களா, வெளிர் சாம்பல்! அதுவும் தூக்கறதுதான், நாசூக்கா தூக்கறது. டபிள்யூசிஏஜி (இணையப் பக்கம் எல்லாருக்கும் எட்டணும்னு போட்ட வழிகாட்டி) விதிப்படி சார்ட்ல பட்டைக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் 3:1 ஆச்சும் வேணும், சாதா எழுத்துக்கு 4.5:1. 7.5% பேர் கண்ணுல படணும்யா.

பொட்டிக்கடை_புலவர்: ஆரம்பிச்சாச்சு. ஃபான்ட் சண்டையிலயும் இதே ஆள்தான் விடிய விடிய ஒத்தையா கச்சேரி பண்ணது.

கறார்_காளி: அந்த ஃபான்ட் பத்தி நான் சொன்னதுதான் சரி. அப்புறம் மணி சாருக்கு ஒண்ணு, நான் தம்பி இல்ல, பொம்பள. கேக்காமலே எந்தக் கட்டத்துல போடணும்னு முடிவு பண்ணிட்டீங்க பாருங்க, இவரு பாலின ஆய்வுக்கு ரிப்போர்ட் போடறவராம்!

டேபிள் மணி: முகம் இல்லாம ஒரு பேர வச்சுக்கிட்டு வந்தா எனக்கென்ன ஜோசியமா தெரியும்? சரிம்மா, தங்கச்சி.

கறார்_காளி: தங்கச்சியும் வேணாம். "தெரியல"ன்னு ஒரு பட்டை மனசுல இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

நித்யா_சேலம்: யாராச்சும் அந்த சார்ட்டுக்கு ஒரு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தைப் பாக்க முடியாதவங்களுக்கு அதை விவரிக்கற வரி) எழுதிக் குடுங்களேன், எங்க டீம்ல "படம் 3"ன்னு மட்டும் போட்டு வச்சிருக்காங்க.

டேபிள் மணி: காளி, உன்னை என்னன்னு கூப்பிட்டேங்கறதுக்கும் சார்ட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? அடிக்குறிப்புல போட்டா அது தூக்கறது ஆகாது, எத்தனை தடவை சொல்றது.

கறார்_காளி: அடிக்குறிப்புலேர்ந்து சார்ட்டுக்கு ஏத்தற வரைக்கும் சொல்லுங்க, நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். 7.5.