மத்தியதரைக் காடுகள் மழைக்காலத்திலும் ஏன் மெதுவாக வளர்கின்றன?

வினா – வெலிமடை மாணவி

மத்தியதரைக் காலநிலையுள்ள உலர் காடுகளின் உயிர்த்திணிவு (தண்டு, இலை, வேர் ஆகியவற்றின் மொத்த எடை) உற்பத்தி பற்றி ஒப்படை ஒன்று எழுதுகிறேன். மழை குறைவு என்பதையே எல்லோரும் முதற்காரணமாகச் சொல்கின்றனர். எங்கள் ஊவா மாகாணத்திலும் ஆடி, ஆவணியில் கச்சான் என்னும் வறண்ட காற்று மலைச்சரிவுப் பத்தனைப் புல்லைக் காயவைக்கிறது; ஆயினும் ஐப்பசி மழை விழுந்ததும் எல்லாம் மளமளவென்று தழைத்துவிடுகின்றன. அங்கு ஏன் அப்படி நடப்பதில்லை?

பதில் – பண்டாரவளை ஆசிரியர்

மழையின் அளவைவிட அது விழும் காலமே அங்கு முக்கியம், மகள். மத்தியதரைக் கடலோரம், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாபிரிக்காவின் கேப் பகுதி, தென்மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. அப்போது வெப்பமும் ஒளியும் போதாது. இரண்டும் நிறைந்த கோடையிலோ மண்ணில் நீர் இல்லாததால், நீரிழப்பைத் தடுக்க மரங்கள் இலையின் நுண்துளைகளான இலைவாய்களை மூடிக்கொள்கின்றன. காபனீரொட்சைட்டு உட்புகாமல் ஒளித்தொகுப்பும் தளர்ந்துவிடுகிறது. ஈரமும் இளஞ்சூடும் ஒன்றாகக் கிடைப்பது வசந்தத்திலும், இலையுதிர்கால முதல் மழைக்குப் பிந்திய சில வாரங்களிலும்தான். எனவே வசந்த மழை பொய்த்தால், ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக இருந்தாலும் வளர்ச்சி குன்றும். ஊவா ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருப்பதால், வடகீழ்ப் பருவமழையின்போதும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. உங்கள் ஒப்பீடு வறட்சி வரைக்குமே பொருந்தும்.

பதில் – மண்வாசி

ஆசிரியர் சொன்னதுடன் மண்ணையும் சேர்க்க வேண்டும். குளிர்கால மழையைக் கோடைக்கென்று வைத்திருப்பது மண்ணின் ஆழம். ஒரே மழை பெறும் இரு காடுகளில், பாறைமேல் மெல்லிய மண்ணுள்ளது பின்தங்கிவிடும். தென்மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாரா மரம் கோடையிலும் தாக்குப்பிடிப்பது ஆழ வேரோடி அடிமண் நீரை எடுப்பதால்தான். அங்கே மண் மிகப் பழையது, பொசுபரசு அரிது. ஆகவே நீர் கிடைத்தாலும் வளர்ச்சி மட்டுப்படும். அம்மண்ணில் வாழும் பாங்சியா போன்ற தாவரங்கள் கொத்துக்கொத்தான நுண்வேர்களிலிருந்து அமிலங்களைக் கசியவிட்டுப் பொசுபரசைக் கரைத்தெடுக்கின்றன. நமது தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் கிரவிலியாவும் அதே குடும்பம்தான். அதன் வேரிலும் இத்தகைய கொத்துகள் உண்டு.

பதில் – பசறைக்காரன்

உயிர்த்திணிவு என்பது இருப்பு, உற்பத்தி என்பது ஆண்டுதோறும் சேரும் அளவு. ஒப்படையில் இவற்றைக் குழப்ப வேண்டாம். வறண்ட இடத்து மரங்கள் தமது உற்பத்தியில் பெரும்பங்கை வேருக்கு அனுப்புவதால், அடிமரத்தின் சுற்றளவை மட்டும் அளப்பவர் குறைத்தே மதிப்பிடுவார். வெட்டியபின் தளிர்த்துக் கைவிடப்பட்ட ஓக் காடுகளில் தண்டுகள் நெருங்கி நின்று நீருக்குப் போட்டியிடுகின்றன. சில தண்டுகளை வெட்டி ஐதாக்கிவிட்டால் எஞ்சியவை விரைந்து தடிக்கும். அடிக்கடி தீப்பட்டால் நைதரசன் வாயுவாக வெளியேறுவதையும் கணக்கில் எடுங்கள்.

வினா – வெலிமடை மாணவி

நன்றி. சரிவின் திசையும் ஒரு காரணியா?

பதில் – பண்டாரவளை ஆசிரியர்

ஆம். ஸ்பெயினில் வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவாதலால் ஈரம் தங்கிக் காடு அடர்கிறது. தென்னரைக்கோளத்திலுள்ள சிலியில் அது தெற்குச் சரிவு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் மலைகளில், சரிவு எந்தப் பருவக்காற்றை எதிர்கொள்கிறது என்பதே பெரிய வேறுபாட்டைத் தரும்.