குடும்பத்துக்கு விசா வாங்கப் போன இடத்தில் நடந்தது: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

நெல்லித்தோப்பு மருமகள்

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு நேஷனாலிட்டி, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல் அதை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் தடையில்லை என்று ஒரு சான்று வாங்க வேண்டும், அதற்கு இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம், அதுவும் தெரிந்ததுதான். என் மனதில் நிற்பது அந்த அறையில் நடந்த ஒரே ஒரு விஷயம்.

எதிரில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள் என்றார். பெண் பார்க்க வந்தார்கள், மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேசினோம் என்றேன். அப்புறம்? அப்புறம் பூ வைத்துவிட்டார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அண்ணன் பூ வைப்பது என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டே இருந்தார், அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா என்று உங்களைக் கேட்டது யார்?" என்றார்.

யோசித்தால் அப்பா கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை. "நல்ல பையன், சரிதானே" என்றார்கள், தலையாட்டினேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அது உண்மை. ஆனால் வாய்விட்டுச் சம்மதம் என்று நான் முதலில் சொன்னது முன்பின் தெரியாத ஒரு அதிகாரியிடம். சான்று வந்தது, கல்யாணம் ஆனது, பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி லிவ்ரே என்கிற குடும்பப் பதிவுப் புத்தகம் கைக்கு வந்தது, விசாவில் போய் 3 மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்தேன், எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம்காரன்

தங்கச்சி, இதையெல்லாம் அவர்கள் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். என் அக்கா மகளையும் இப்படித்தான், மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்தப் பக்கம் படுப்பார் என்கிற அளவுக்குக் கேட்டு அழ வைத்தார்கள், அது வேறு நாட்டு விசா. நிச்சயம் மட்டும் முடிந்த பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

காரைக்கால் குமாஸ்தா

மஞ்சக்குப்பம் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. சம்மதம் இல்லாத இடத்தில் திருமணமே இல்லை என்பது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. கேட்பது அவர்கள் வேலை. வக்கீல் ஆபீசில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அந்த நேஷனாலிட்டிக்காகவே பெண்ணைக் கேட்காமல் முடித்த கல்யாணங்கள் இந்த ஊரில் உண்டு. அந்த அறையில் மட்டும்தான் அவள் தனியாக உட்கார்ந்து பேச முடியும். படுக்கும் பக்கத்தைக் கேட்பது தவறு, ஒப்புக்கொள்கிறேன். சம்மதத்தைக் கேட்பது தவறில்லை.

லால்பேட்டை துபாய்

சட்டம் எல்லாம் இருக்கட்டும், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவி பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. நம் பக்கம் நிறையப் பேருக்கு அப்படித்தான், இனிஷியலை விரித்து எழுதுகிற வழக்கம் நமக்கு ஏது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வந்தால் விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டில் அறிவித்தார்களே, அந்தச் சமயம் பார்த்து எங்கள் டிக்கெட்.

சென்னை ஏர்போர்ட் கவுண்டரில் இருந்த பெண் அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இதில் என்ன பெயர் மேடம்?" என்கிறாள். இவள் "பேரு அவ்வளவுதான்மா" என்கிறாள். நான் துபாயிலிருந்து போனில். பின்னால் வரிசை நகர்கிறது, பிள்ளைகள் இரண்டும் டிராலி மேல் உட்கார்ந்திருக்கின்றன, அந்த விரல் மட்டும் எடுபடவே இல்லை என்று இவள் இன்றைக்கும் சொல்வாள். இருபத்தைந்து கிலோ பெட்டிகளோடு ராத்திரியே திரும்பி லால்பேட்டை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று கொஞ்ச நாளில் தளர்த்தினார்கள். டிக்கெட் காசு வரவில்லை. இப்போது பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம், ஃபேமிலி விசாவும் அடித்தாயிற்று.

முதுநகர் எஸ்பாஸ்

சிங்கப்பூர். ஷிப்யார்டு. எஸ் பாஸ், அதாவது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. மனைவி, மகனைக் கூட்டி வரலாம் என்று எச்ஆர் அம்மாவிடம் போனேன், சம்பளச் சீட்டில் மாதாமாதம் 6,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல்தான் வந்துகொண்டிருந்தது, அதுதான் டிப்பெண்டன்ட் பாஸுக்குக் கணக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பென்சிலை எடுத்து ஓவர்டைம் வரிக்கு மேலே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே 4,200. கீழே இருந்ததெல்லாம் நான் ராத்திரி கண்விழித்துச் சம்பாதித்தது. "இது சேராது" என்று அந்தச் சீட்டை என் பக்கமே தள்ளினார். குரலில் ஒன்றும் இல்லை, நல்லவர்தான். எனக்கு அந்தக் கோட்டைத்தான் மறக்க முடியவில்லை, எந்த உழைப்பை நம்பிப் போனேனோ அது முழுக்க கோட்டுக்குக் கீழே.

செம்மண்டலம் பழைய சிங்கப்பூர்

தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். நானும் அங்கே இருந்தவன். 2021 மே 1 முதல் டிப்பெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் கம்பெனி கேட்டு அரசு தரும் ஒரு ஒப்புதல் கடிதத்தை மட்டும் வைத்து வேலை பார்ப்பதை நிறுத்தினார்கள், என் மனைவி பார்த்த பாலர் பள்ளி வேலை அதோடு போனது, கடைசி நாள் பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அது என் கதை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அவர்கள் பார்ப்பது நிலையான மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளமும், மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் சேரும். ஓவர்டைம், போனஸ், கமிஷன், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் படி, செலவுக்குத் திருப்பித் தரும் பணம் எதுவும் சேராது. ஆகவே கம்பெனியில் சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையைப் பேசாதீர்கள், தங்குமிடப் படி, போக்குவரத்துப் படி என்று வருவதைக் கடிதத்திலேயே நிலையான படியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, பாஸுக்கு விண்ணப்பம் போடுவது கம்பெனிதான், நாமே போட முடியாது, அதனால் எச்ஆரோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிடாதீர்கள். கோயிலில் தாலி கட்டிய பத்திரிகை செல்லாது, சார்பதிவாளர் சான்று வேண்டும், அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். மகனுக்கு 12 வயதுக்குள் என்றால் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட விவரமும் கேட்பார்கள், சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள், தொலைந்திருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். தாய் தகப்பனைக் கூட்டி வர 12,000 வெள்ளி வேண்டும், அதை இப்போது யோசிக்கவே வேண்டாம். எஸ் பாஸ் இல்லாமல் சாதாரண ஒர்க் பெர்மிட் என்றால் குடும்பத்துக்கு வழியே கிடையாது, உங்கள் கூட்டாளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள், ஏஜென்ட் வாயைக் கேட்டு நம்பி வந்தவர்கள் நிறைய.

முதுநகர் எஸ்பாஸ்

படியெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று அண்ணே. இந்த வருஷமும் பள்ளி லீவுக்கு விசிட்டில்தான் வருகிறார்கள்.

முதலியார்பேட்டை இட்லிக்கடை

எல்லாரும் வெளியே போன கதை சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் உள்ளே வந்த கதை. என் கணவர் ஜெர்மன்காரர். கல்யாணம் பதிவாகி 2 வருஷம் தொடர்ந்து முடிந்தால்தான் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) போட முடியும், அதுவரை என்ட்ரி விசா. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்தோம், அதெல்லாம் இணையத்தில் சுலபமாகவே முடிந்தது.

அம்மாவுக்கு இட்லிக்கடை. காலையில் கூட்டம் அதிகமாக இருந்தால் என் கணவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பார், தெருவே வந்து பார்க்கும். ஒருநாள் விசாரணைக்கு வந்த சார் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "இவருக்கு வேலை பார்க்க அனுமதி இல்லையேம்மா, சம்பளம் எவ்வளவு?" அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே, "மாப்பிள்ளைக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா சார், நாங்கதான் தீபாவளிக்குச் சீர் செய்யணும்" என்றார். அந்த சார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க சொல்றது சரிம்மா, ஆனா கல்லாவில் உட்காராம பார்த்துக்குங்க" என்றார். என் கணவரும் உடனே எழுந்து கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். ஓசிஐ வரும்வரை கடைப் பக்கம் உதவிக்குக்கூட அவர் வரவில்லை, தேங்காய்கூடத் துருவித் தரவில்லை. எனக்கு வலித்தது அதுதான். தப்பு செய்யாத மனுஷன் சொந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போடுங்கள். ஹோட்டலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு.

சிப்காட் எச்ஆர்

இட்லிக்கடை அக்கா சொன்னதை நான் மறுபக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர், எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கு வருஷச் சம்பளம் 16.25 லட்சம் தாண்ட வேண்டும், அது பிரச்சினை இல்லை. அவர் மனைவி அவர் ஊரில் பிசியோதெரபிஸ்ட். கடலூரில் ஆஸ்பத்திரியில் வேலை கேட்டு, எல்லாச் சான்றிதழையும் பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி என் மேஜையில் வைத்தார். துணைக்கு வந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று சொல்ல வேண்டியது நான். கோப்பைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். முதுநகர் தம்பியிடம் அந்த எச்ஆர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பண்ருட்டி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? விசிட்டில் போய் அங்கே வேலை பிடித்து மாற்றிக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. என் தங்கச்சி குவைத்துக்கு அப்படித்தான் கிளம்புகிறாள், வீட்டு வேலைக்கு. ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

லால்பேட்டை துபாய்

தங்கச்சிக்கு என்ன வயது, என்ன படிப்பு? பத்தாவது முடிக்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசு அனுமதி தேவை என்கிற குறிப்பு இருக்கும். இசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், வேலை விசாவோடு இ-மைக்ரேட் என்கிற இந்திய அரசு இணையதளத்தில் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அந்த வாசலைத் தாண்டத்தான் விசிட்டில் ஏற்றுகிறார்கள். விசிட்டில் போனவளுக்கு ஒப்பந்தம் இல்லை, தூதரகத்தில் கணக்கு இல்லை, 275 ரூபாயில் 2 வருஷத்துக்குக் கிடைக்கிற 10 லட்சம் ரூபாய் காப்பீடும் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் இருக்கும் எமிரேட்ஸில் 2024 முதல், வேலை அனுமதி இல்லாத ஆளை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாமிலிருந்து 10 லட்சம் வரை அபராதம். பயத்தில் அவன் முதலில் அந்தப் பெண்ணைத்தான் வெளியே தள்ளுவான், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா?

பண்ருட்டி

இன்னும் இல்லை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

லால்பேட்டை துபாய்

கொடுக்காதீர்கள். பதிவு எண்ணையும் விசா நகலையும் முதலில் கையில் வாங்குங்கள், இங்கே எண்ணைப் போடுங்கள், இ-மைக்ரேட்டில் நானே பார்த்துச் சொல்கிறேன்.