மென்பொருள் பணியிலிருந்து கல்விக் கொள்கை ஆய்வுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டுகளாகத் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறேன். சில்லறை வணிகத்தின் விற்பனைத் தரவுகளைக் கையாள்வது என் அன்றாட வேலை. எஸ்.க்யூ.எல்., பைதான் இரண்டும் நன்றாகப் பழகியிருக்கின்றன. என் பெற்றோர் இருவரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். அரசு எடுக்கும் ஒரு முடிவு வகுப்பறைக்குள் போய்ச் சேரும்போது குழந்தைகளிடம் உண்மையில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை ஆராயும் வேலைக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது.

இதற்குக் கல்வியியலிலோ பொருளியலிலோ இன்னொரு பட்டம் பெறுவது கட்டாயமா, அல்லது இருக்கும் திறனை வைத்துக்கொண்டே நுழைய முடியுமா? பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு நானே பயிற்சி செய்யலாம் என்று யுடைஸ் (அரசின் பள்ளி விவரக் கணக்கெடுப்பு), ஏசர், நாஸ் (இரண்டும் குழந்தைகளின் கற்றலை அளக்கும் கணக்கெடுப்புகள்) ஆகிய அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். ஒரே மாநிலத்தின் கல்வி நிலையைப் பற்றி அவை வெவ்வேறு சித்திரங்களைத் தருகின்றன. இவற்றில் எதை நம்பித் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களஆய்வாளர் (மறுமொழி)

வணக்கம் தோழி. பட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். உங்கள் கடைசிக் கேள்விதான் இந்தத் துறையின் அடிப்படை என்பதால் அதற்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒவ்வொரு எண்ணும் எங்கே, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிந்துகொண்டால், எதை நம்புவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஏசர் என்பது பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் வீட்டுவழிக் கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் கிராமப்புற வீடுகளுக்குச் சென்று, 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளை ஒவ்வொருவராக அமரவைத்து, எளிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்கிறார்கள். எளிய கணக்குகளைப் போடச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, பள்ளிக்கே போகாத குழந்தை என்ற வேறுபாடு இல்லை. ஆனால் நகரங்கள் அதில் இடம்பெறுவதில்லை. நாஸ் என்பது பள்ளியில், தேர்ந்தெடுத்த வகுப்புகளில், அன்று வந்திருந்த மாணவர்களுக்கு அரசு நடத்திய எழுத்துத் தேர்வு. 2017இல் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கும், 2021இல் அவற்றோடு 10ஆம் வகுப்புக்கும் அது நடந்தது. 2024 டிசம்பரில் அதன் இடத்தில் வந்த பரக் கணக்கெடுப்பு 3, 6, 9 ஆகிய வகுப்புகளை எடுத்துக்கொண்டது. ஆக, வாய்வழியாக வாசிக்கச் சொல்வதும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் அளப்பவை ஒன்றல்ல. அளக்கப்படும் குழந்தைகளும் ஒரே கூட்டம் அல்லர். இரண்டும் வெவ்வேறு விடை தருவதை முரண்பாடு என்று கொள்ள வேண்டியதில்லை. ஏசரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இந்திய அளவில் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5, 2024இல் 27.1. ஒரே கருவியால் ஒரே முறையில் அளந்ததால்தான், பெருந்தொற்றுக் கால வீழ்ச்சியையும் அதற்குப் பிந்தைய மீட்சியையும் இந்த வரிசையில் படிக்க முடிகிறது.

யுடைஸ் எண்களை எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2021-22 வரை நாட்டின் மொத்தச் சேர்க்கை 26 கோடிக்கு மேல் இருந்தது; 2022-23இல் சுமார் 25.2 கோடி, 2023-24இல் 24.8 கோடி. இதைப் பார்த்ததும் ஒரு கோடிக் குழந்தைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதத் தோன்றும். ஆனால் 2022-23 முதல், பள்ளிவாரியான கூட்டுத்தொகையைப் பெறுவதை விட்டுவிட்டு, மாணவர் ஒவ்வொருவரின் பெயரிலும் தனித்தனியே விவரம் திரட்டுகிறார்கள். இரண்டு பள்ளிகளின் பதிவேட்டில் இருந்த ஒரே குழந்தை இப்போது ஒருமுறைதான் எண்ணப்படும். முந்தைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அமைச்சகமே தெரிவித்திருக்கிறது. வீழ்ச்சியில் எவ்வளவு உண்மையானது, எவ்வளவு கணக்கிடும் முறையால் வந்தது, குழந்தைகளின் எண்ணிக்கையே குறைந்துவருவதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே ஒரு நல்ல ஆய்வுக்குப் போதுமான பொருள். பைதான் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களைத்தான் ஆய்வு நிறுவனங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

வகுப்பறை (மறுமொழி)

தர்மபுரி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஆய்வு முறைகள் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கணினியில் காணப்போகும் எண்களை எழுதுபவர்களில் நானும் ஒருவன் என்பதால் சில சொற்கள்.

எங்கள் பகுதியிலிருந்து அறுவடை முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். குழந்தையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். குழந்தை சில மாதங்கள் இருக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன குழந்தையை எமிஸ் என்னும் மாநில அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிடுவோம். இன்னொரு பள்ளி எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வரையில் அது எந்தப் பள்ளியின் கணக்கிலும் வராது. இப்படிப் போன குழந்தை வேறு மாநிலத்தில் படிக்கிறதா, படிப்பையே நிறுத்திவிட்டதா என்பது பல நேரங்களில் எங்களுக்கே தெரியவருவதில்லை. இவர்களெல்லாம் சேர்க்கையில் வருவார்களா, இடைநிற்றலில் வருவார்களா என்பது எந்தத் தேதியில், எந்த வரையறையோடு பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தரவில் அது ஒரு வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும் மகளே. உங்கள் பெற்றோர் ஆசிரியர்கள் என்கிறீர்கள். முதலில் அவர்களோடு உட்கார்ந்து, பதிவேடுகளும் படிவங்களும் எப்படி நிரப்பப்படுகின்றன என்று பொறுமையாகக் கேட்டறியுங்கள். எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கென்று வருபவர்களில், வட்டார வள மையத்தின் பணி என்ன என்று தெரிந்து வருபவர்கள் மிகக் குறைவு. அப்படி வருபவர்களிடம் ஆசிரியர்கள் மனம்விட்டுப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, அம்மாவிடம் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். முதல் பயிற்சியாக முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, திட்டம் வந்த பள்ளிகளையும் வராத பள்ளிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று நினைக்கிறேன். இது சரியான தொடக்கமாக இருக்குமா? பட்டம் பற்றியும் யாரேனும் சொல்ல வேண்டுகிறேன்.

அடையாற்றுவாசி (மறுமொழி)

தாமதமாக வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தேன்.

காலை உணவுத் திட்டம் மிக நல்ல தேர்வு. ஆனால் நீங்கள் சொன்ன ஒப்பீடு தவறான விடையைத் தரக்கூடும். 2022 செப்டம்பர் 15 அன்று முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. தேவை மிகுந்த மலைப்பகுதிப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் அவற்றில் உண்டு. ஆகவே இரு தொகுதிப் பள்ளிகளுக்கும் தொடக்கத்திலேயே வேறுபாடு இருக்கும். போதாக்குறைக்கு, தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் 2022 ஜூனில்தான் தொடங்கியது. வருகை உயர்ந்தது உணவாலா, புதிய கற்பித்தல் முறையாலா, பெருந்தொற்று ஓய்ந்ததாலா? இதற்குத் திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் வருகையும் உங்களுக்கு வேண்டும். இரு தொகுதிகளும் முன்பு ஒரே போக்கில் சென்றனவா என்று பார்த்து, அதன் பிறகு ஏற்பட்ட மாற்றங்களின் வேறுபாட்டை அளக்க வேண்டும். பள்ளி அளவிலான வருகைத் தரவு பொதுவெளியில் எளிதாகக் கிடைப்பதில்லை. எனவே இந்தக் கேள்வியை ஓர் ஆய்வுத் திட்ட வரைவாக எழுதிப் பழகுங்கள். கணக்குப் போட்டுப் பயிற்சி பெற, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றில் (2017-18) கல்விச் செலவு குறித்த குடும்பவாரித் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். அது இலவசமாகக் கிடைக்கிறது. மாதிரி எடைகளை (மாதிரியில் உள்ள ஒரு குடும்பம் மொத்தத்தில் எத்தனை குடும்பங்களுக்கு நிகர் என்னும் எண்களை) சரியாகப் பயன்படுத்தி, தனியார் பயிற்சி வகுப்புக்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் செய்யும் செலவை நுகர்வுச் செலவுப் பிரிவுவாரியாக எழுதினால், எந்த நேர்காணலிலும் அதைக் காட்டலாம்.

இந்தத் துறை எதைச் செய்ய வல்லது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரீசியோ ரோமெரோ ஆகிய பொருளியலாளர்கள், 2019இல் தமிழகக் கிராமங்களில் எடுத்திருந்த தரவோடு, பள்ளிகள் மூடப்பட்ட பின் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் இழப்பும் தமிழில் அதைவிடக் குறைந்த இழப்பும் தெரிந்தன. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு தரவு கையில் இருந்ததால்தான் இது இயன்றது. வீடு வீடாகச் சென்று அதைத் திரட்டிய களப்பணியாளர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பட்டம் பற்றி: முதல் பணிக்கு உங்கள் முதுகலையே போதும். ஜே-பால் தெற்காசியா, ஏசர் மையம், சென்ட்ரல் ஸ்கொயர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் ஆய்வு உதவியாளர்களை எடுக்கின்றன. வினாத்தாளைத் தமிழாக்குவது, கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி தருவது, அவர்கள் போய்வந்த வீடுகளில் சிலவற்றுக்கு மறுபடியும் போய்ச் சரிபார்ப்பது, பிழை களைவது என்றே முதல் ஆண்டு கழியும். மென்பொருள் நிறுவனச் சம்பளத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும். வீட்டுக் கடமைகளைக் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள். பைதானோடு ஸ்டேட்டா அல்லது ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளையும் கற்றுக்கொள்வது நல்லது. அதன் பிறகு உங்கள் ஆர்வம் பள்ளியின் உள்ளே நடப்பதை நோக்கிச் சென்றால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலோ டாட்டா சமூக அறிவியல் கழகத்திலோ கல்வியியல் படிக்கலாம். திட்டங்களின் விளைவை அளப்பதில் சென்றால் சென்னைப் பொருளியல் பள்ளி பொருத்தமானது. ஆய்வையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பினால் முனைவர் பட்டம் இன்றியமையாதது. அதற்கு தில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனமும், மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கல்வித் திட்டமிடலில் யுனெஸ்கோ வரை பணியாற்றிய ஒருவர் நம் ஊரில் தொடங்கிய இடம் அது.

இப்போதே வேலையை விட வேண்டாம் என்பது என் கருத்து. 75ஆம் சுற்றுத் தரவில் கட்டுரையை எழுதி முடித்து, நிரலோடு பொதுவெளியில் வைத்துவிட்டு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். வரைவை இங்கே பகிர்ந்தால், எடைகளையும் வரையறைகளையும் நான் படித்துச் சரிபார்த்துத் தருகிறேன்.